கண்ணைப் பார்த்துக் குடிக்கணுமாம்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து மழை. போர்ட் கிள்ளான் ரோட்டில் கண்டெய்னர் லோரிகள் நகரவேயில்லை. ஆபீசுக்குத் தாமதம். குடை மறதி.

மத்தியானம் தினேஷிடமிருந்து படம். ஜெர்மனிக்குப் படிக்கப் போன, எனக்கு நிச்சயித்த மாப்பிள்ளை, கையில் கிளாஸ். உள்ளே கலங்கலாக, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஏதோ. பெயர் ஃபெடர்வைசர். பாதி புளித்த புதுத் திராட்சை ஒயினாம். இந்த சீசனில் மட்டும்தான் கிடைக்குமாம். கூடவே குரல் செய்தி: "அப்படியே நம்ம கேரி தீவு கள்ளு லா! கொஞ்சம் இனிப்பு, அவ்ளோதான்."

சிரித்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். மேசையில் இன்னொரு கிளாஸ். அதைப் பிடித்திருக்கும் விரல்களில் பச்சை நகப்பூச்சு.

அக்டோபர் 8, புதன்

பச்சை நகத்தின் பெயர் கார்லா. கூடப் படிப்பவள். கேட்காமலே தி. சொல்லிவிட்டான். மறைத்திருந்தால் சண்டையாவது போடலாம்.

அந்த ஒயின் புட்டியை இறுக்கி மூட முடியாதாம். உள்ளே பொங்கிக்கொண்டே இருக்குமாம், சாய்த்தால் ஒழுகுமாம். அதனால் ரயிலில் வழி முழுக்க கார்லா மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாளாம். பக்கத்து சீட்டில் யார்? கேட்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான்.

"இங்க கிளாஸ் தட்டும்போது கண்ணைப் பாக்கணும். பாக்கலன்னா மரியாதை இல்ல."

"நீ பாத்தியா?"

"பாக்காம எப்படி?"

பொறாமைதான். வேறு பெயர் வைக்க வேண்டாம். நிச்சயதார்த்தத்தன்றுகூட அவன் என்னை நேராகப் பார்க்கவில்லை. போட்டோகிராபரைத்தான் பார்த்தான்.

வாங்க: முறுக்கு அச்சு, அம்மா மாத்திரை, பச்சை நகப்பூச்சு. (கடைசியை அடித்துவிட்டேன். சீ.)

அக்டோபர் 10, வெள்ளி

வெயில். தலைவலி. நாளைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குடிப்பதாக தி.யோடு பேச்சு. அவன் அவனுடையதை, நான் கள்ளை. என் யோசனைதான். சுரேஷ் அண்ணன் கேரி தீவுக்கு லோரி ஓட்டுகிறான், வாங்கி வரச் சொன்னேன்.

"பைத்தியமா உனக்கு? அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் ஏசுவாங்க."

"ஒரே ஒரு தடவை, அண்ணே."

"அவன் அங்க என்னமோ குடிக்கட்டும். நீ பால் குடி லா."

அக்டோபர் 11, சனி

திட்டிக்கொண்டே வாங்கி வந்துவிட்டான். "மூடிய இறுக்காத, வெடிச்சிடும்." இதுவும் அதே மாதிரிதான். ஏனோ சந்தோஷம். அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து புட்டியைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பார்த்தேன். பாவாடை நனைந்தது.

சாயங்காலம் அம்மா கோயிலுக்கு. கதவைச் சாத்தினேன். உதட்டுச் சாயம், வேண்டுமென்றே. வீடியோ கால். அங்கே மத்தியானம். தி. முடி வெட்டியிருக்கிறான். அழகு.

"தனியாவா இருக்க?" என்று கேட்டேன்.

"ஆமா, ரூம்லதான். ரெடியா? கண்ணைப் பாரு."

பார்த்தேன்.

"எங்க பாக்குற? கீழ பாக்குறியே."

"உன்னைத்தான் பாக்குறேன்."

"ஸ்கிரீனைப் பாக்காத லா. மேல கேமரா புள்ளி இருக்குல்ல, அதைப் பாரு. அப்பதான் நீ என்னைப் பாக்குற மாதிரி இருக்கும்."

புள்ளியைப் பார்த்தேன். கறுப்பாக, மிளகு அளவு. அவன் முகம் கீழே எங்கோ மங்கலாக.

"இப்ப சரி. அழகா இருக்க."

டம்ளரால் போனைத் தட்டிவிட்டுக் குடித்தேன். ஒரே புளிப்பு. தொண்டை எரிந்தது.

அங்கேயும் தட்டும் சத்தம் கேட்டது. போனில் படும் சத்தம் இல்லை. கிளாஸும் கிளாஸும் படும் சத்தம்.

நான் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.