பச்சைத் திரையில் வந்த பேச்சு

இன்று காலை ஒரு பழைய டிவியைத் திறந்து கரண்ட் கொடுத்தேன். சூடேறிய தூசியின் வாடை எழுந்தது. நீ பக்கத்து ஸ்டூலில் இருப்பதாகவே நினைத்துத் திரும்பிவிட்டேன்.

தொண்டைப் புற்றுநோய் ஆபரேஷனில் உன் குரல் போன பிறகு, போனில் எழுதிக் காட்டுவாய். ஒருநாள் அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தாளில் எழுதினாய்: "எல்லாவனும் போனத்தாம்லே பாக்கான். என் மூஞ்சிய ஒருத்தனும் பாக்கல." பிறகு நம் பாளையங்கோட்டை ரிப்பேர் கடையின் பரண்மேல் கிடந்த கம்ப்யூட்டரைக் காட்டினாய். திரையும் பெட்டியும் ஒன்றாகவே அமைந்த அந்தக் காலத்து மாடல். மதர்போர்டு செத்திருந்தது, திரைக்கு உயிர் இருந்தது.

கட்டைவிரல் அகல மைக்ரோகன்ட்ரோலர் சில்லு ஒன்றை அந்தத் திரையின் கம்பிகளில் இணைத்தோம். கீபோர்டில் தட்டுவதை அது படமாக்கி அனுப்ப வேண்டும். வந்ததோ வெறும் சாய்ந்த கோடுகள். எனக்குச் சலித்தது. உனக்கு ஆர்வம் கூடியது. "ஏம்லே ஒரே பக்கமாச் சாயுது?" என்று எழுதிக் கேட்டாய். அதைத் துருவியபோதுதான் புரிந்தது: ஒவ்வொரு வரியையும் நம் சில்லு இம்மியளவு தாமதமாகத் தொடங்கிவைத்தது. திருத்தியதும் படம் நிமிர்ந்தது. தமிழ் எழுத்துகளைக் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக நீயே வரைந்தாய். 'ணை'க்கு இடம் போதாமல் பட்ட பாடு!

திரையை உன் முகத்துக்குக் கீழே தெரியும்படி எதிர்ப்பக்கம் திருப்பி, உன் மனைவி மேரியை உட்காரவைத்தாய். உன்னுடையது டைப்பிங் படித்த கை. அவளைப் பார்த்துக்கொண்டே தட்டினாய். பச்சை எழுத்துகள் பைய வந்தன: "ஏளா, நேத்து மீன்கொழம்புல உப்பு கூட."

"இதச் சொல்லவா இம்புட்டுப் பாடு?" என்று சிரித்தாள் மேரி. கண் நிறைந்து வழிந்தது.

நோய் திரும்பியபோதும் அப்படித்தான் பேசினாய். நீ தட்டி முடிப்பதற்குள் நாங்கள் மீதியை ஊகித்துச் சொல்வோம். 'புன்னக்காயல்' என்று வந்ததும், "என்னலே, ஊருக்குப் போணுமா?" என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டு மேலே தட்டினாய்: "புன்னக்காயல்ல அம்மைட்ட சொல்லாத. அண்ணனக் கடலுக்குக் குடுத்தவ. இதையும் தாங்க மாட்டா."



நீ போன பிறகு, யாராவது பேச்சின் நடுவே தயங்கினால் நான் எடுத்துக்கொடுப்பதில்லை. அவர்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆவலோடு காத்திருக்கிறேன்.