மூன்றாவது நீலக்கோடு

முருங்கன்,
22.09.2013

அன்பு மகள் பிரேமினிக்கு,

நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிருக்குள் நீயும் மருமகனும் உடம்பைக் கவனித்துக்கொள்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதத் தொடங்குகிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுவேனோ என்ற பயத்தில், எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. வீட்டுப் புதினம், சுகசெய்தி.
2. நீ அனுப்பிய வரைபடத்தோடு நான் நடந்து பார்த்தது.
3. ஹமீட்டின் காணிக்குள் ஓடை இல்லை என்பதற்கு என் காரணம்.
4. உனக்குச் சொல்லவேண்டியது.

அம்மாவின் முழங்கால் நோவு ஆஸ்பத்திரியில் தந்த பூச்சு மருந்தோடு கொஞ்சம் குறைவு. கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, எல்லோரும் மாரி மழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இனி உன் படம். செய்மதிப் படத்தையும் நிலத்தின் உயரக் கணக்கையும் கம்பியூட்டரில் சேர்த்து, சண்டைக் காலத்தில் தூர்ந்துபோன ஓடைகளை எங்கே திரும்ப வெட்டலாம், எங்கே ஈரநிலமாக விடலாம் என்று நீங்கள் நீலக்கோடு போட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு கோட்டிலும் நடந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. மூன்றாவது அப்துல் ஹமீட்டின் காணியை ஊடறுத்துப் போகிறது. அவரை உனக்கு ஞாபகமிராது, நீ சிறு பிள்ளையாக இருக்கும்போதே தொண்ணூறில் முஸ்லிம்களை எழுப்பிவிட, அவர்கள் புத்தளத்துக்குப் போகவேண்டி வந்தது. இருபது வருடத்துக்கு மேல் முகாமில் இருந்து திரும்பி, இப்போதுதான் வீட்டுத்திட்டம் கிடைத்து அத்திவாரம் வெட்டுகிறார். படத்தைக் காட்டியபோது, மாஸ்டர் உங்கட மகள் நோர்வேயில இருந்துகொண்டு என்ர வீட்டுக்குள்ள ஆறு விடுறாவோ என்று சிரித்தார். அவர் மனைவி பரீனா சிரிக்கவில்லை. மேல இருந்து பாத்தா நான் அடுப்பு வைக்கப்போற குசினி ஆறு மாதிரியோ தெரியுது, இன்னொருக்கா எழும்பச் சொன்னா நாங்கள் எங்க போறது என்று கேட்டார். பயப்படாதேங்கோ, படம்தான் பிழை என்று சொல்லிவிட்டேன்.

என் காரணம் இது. அந்த ஓடை பனை வரிசைக்குக் கிழக்கே ஓடியது எனக்கு நல்ல ஞாபகம். பனைகள் இன்றும் நிற்கின்றன, ஹமீட்டின் காணி அவற்றுக்கு மேற்கே. உன் கோடு விழுந்திருக்கும் பள்ளம் சண்டைக்கு மண் அணை கட்ட மண் அள்ளிய இடமாக இருக்கவேண்டும். அது கம்பியூட்டருக்குத் தெரியாது. ஆகவே மூன்றாவது கோட்டை எடுத்துவிடு.

இவ்வளவும் எழுதியபோது ஹமீட் வந்து கூப்பிட்டார். போய்வந்து தொடர்கிறேன். அவருடைய மேற்கு எல்லையில் அத்திவாரக் குழிக்குள் பனங்குத்திகள் வந்திருக்கின்றன, வேரோடு நிற்கும் அடிக்கட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நேரில். சண்டைக் காலத்தில் பங்கருக்காக மரவாளால் அரிந்து, மேலே மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். அவற்றுக்குக் கிழக்கே, குசினி வரப்போகும் இடத்தில், கறுத்தச் சேறும் நத்தை ஓடும். நான் ஞாபகத்தில் வைத்திருந்த வரிசை தறிபட்டுவிட்டது மகள். இப்போது நிற்பவை ஓடையின் மறுகரைப் பனைகள், ஓடை ஹமீட்டின் காணிக்குள்ளால்தான் ஓடியிருக்கிறது. மாஸ்டர், எங்களுக்கு இனி விறகுக் கவலை இல்லை என்று ஹமீட் பகிடி விட்டார். பிறகு, என்ன முகம் ஒரு மாதிரி என்று கேட்டார். வெயில் என்றேன். நாளை விடிய சுபஹு தொழுதுவிட்டு அத்திவாரத்துக்குக் கொங்கிறீற் போடப்போகிறார்கள். உன் படம்தான் சரி என்பதை அவரிடம் மறைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொன்னதும், கடுதாசிக்கு நம்பர் போடத்தான் உங்களுக்குத் தெரியும், மாரியில அந்தப் பிள்ளையளின்ர பாய் மிதக்கேக்க எந்த நம்பர் போடுவியள், எழும்பிப் போங்கோ என்று பேசினா.

நாலாவது, அந்தக் கோட்டை எடுக்காதே. ரோட்டோரம் மேட்டில் அவருக்கு இன்னொரு துண்டு நிலம் இருக்கிறது. வீட்டை அங்கே மாற்றப் பிரதேச செயலகத்தில் காட்ட, படமும் நீ வேலை செய்யும் கந்தோரின் கடிதமும் வேண்டும். மறந்துவிடாதே, உடனே அனுப்பு. வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. கேதீச்சரத்தான் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காப்பான்.

இதை மடித்துக்கொண்டு இப்போதே ஹமீட்டிடம் போகிறேன். வாய் எழும்பாவிட்டால் இந்தத் தாளையே அவர் கையில் கொடுப்பேன், அவர் வாசித்த பிறகு கடையில் ஸ்கான் பண்ணி உனக்கு வரும். அதனால்தான் மேலே எழுதியதை வெட்டாமல் விட்டிருக்கிறேன். மூன்றாவதாக நான் எழுதியது பிழை.

அன்புள்ள அப்பா,
க. கதிர்காமு