பி.காம். மூன்றாமாண்டு சிங்கங்கள்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பஸ்ஸில் விட்ட குடை போனது போனதுதான்.

செல்வத்தின் அப்பா இறந்துவிட்டார். விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர், வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம். நெஞ்சு வலி. செல்வமே கிளாஸ் குரூப்பில் போட்டிருந்தான், ஒரே வரி. அதற்குக் கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள். நடுவில் ஒரு மெசேஜ்: "மாப்ள, சாவுக்குப் போனா ஓ.டி. குடுப்பாய்ங்களா?"

கேட்டது விக்கி, கிளாஸ் ரெப். கேட்டதோடு, கிளாசுக்கு வராமலே வருகை போடுகிற அந்த ஓ.டி.யை மொத்த கிளாசுக்கும் வாங்கியும் விட்டான். ஆரப்பாளையத்தில் பாதிப் பேர்தான் பஸ் ஏறினோம். மீதி ஓ.டி.யோடு படத்துக்கு.

சமயநல்லூரில் இறங்கி, உள்ளே செல்வத்தின் ஊருக்கு ஷேர் ஆட்டோ. செல்வம் என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. பின்னாலிருந்து விக்கி, "அப்படியே ஒரு நிமிசம் இரு மாப்ள." கிளிக்.

நாளை: ரெக்கார்டு. செருப்பு தைக்க. குடை.

நவ. 17, திங்கள்

புதன்கிழமை பதினாறாம் நாள் காரியம். கிளாஸ் சார்பில் பிளக்ஸ் வைக்கிறார்களாம். டிசைன் குரூப்பில் வந்தது.

மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே சின்ன வட்டத்துக்குள் செல்வத்தின் அப்பா. மீதி முழுக்க நாங்கள். நட்டநடுவில் விக்கி, போனில் யாரிடமோ பேசுகிற மாதிரி. கடைசி வரி, 'இவண்: பி.காம். மூன்றாமாண்டு சிங்கங்கள்'. வலது ஓரத்துச் சிங்கம் நான். கொடைக்கானல் டூரில் கூலிங் கிளாஸ் போட்டுப் பல்லை இளித்த என் வாட்ஸ்அப் டி.பி. படம். யாரைக் கேட்டு எடுத்தான் இந்த விக்கி?

அதைவிடக் கொடுமை அந்த அப்பா. ஆதார் கார்டில் இருந்ததுதான் அவருக்கு இருந்த ஒரே படம். அதை ஏதோ ஏஐ ஆப்பில் போட்டுத் தேய்த்திருக்கிறான். கறுத்த மனுஷர் அவர். சின்ன வயதில் மாடு முட்டி நெற்றியில் பெரிய தழும்பு. இந்த வட்டத்தில் இருப்பவர் ரோஸ் கலர், பட்டுச் சட்டை, பற்பசை விளம்பரப் பல். தழும்பைக் காணோம். குரூப்பில், "செம ரிச்சா இருக்குடா."

சாயங்காலம் செல்வம் போன்.

"மாப்ள, அது எங்கப்பா மாதிரியே இல்லடா. அம்மா பாத்தா தாங்காது. மாத்தச் சொல்றியா? நான் சொன்னா நல்லாருக்காது, அவய்ங்க ஆசையாப் போடுறாய்ங்க."

மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

நவ. 18, செவ்வாய்

மழை. மெஸ்ஸில் இன்றும் அதே சாம்பார்.

விக்கியிடம் சொன்னேன். ஆதார் படத்தையே போடு, என் மூஞ்சியை எடு.

"அதுல ரொம்ப ஏழையா இருக்காரு மாப்ள. நம்ம கிளாசுக்கு ஒரு கெத்து வேணாமா?"

"செத்தது அவரு. கிளாஸ் இல்ல."

"ஓவரா பேசாத. ரீல்ஸ் போடுறேன் பாரு, எம்புட்டு வியூஸ் போகுதுன்னு."

செருப்பு இன்னும் தைத்து வரவில்லை. வந்திருந்தால் கழற்றியிருப்பேன்.

காளவாசல் பிளக்ஸ் கடைக்கு நானே போனேன். மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. என் பல் வரைக்கும் வெளியே வந்திருந்தது. "ஆர்டர் குடுத்தவரு சொல்லணும் தம்பி" என்றார் கடைக்கார அண்ணன். விக்கியைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வந்துவிட்டேன்.

நவ. 19, புதன்

காரியம். தெருமுக்கில் பிளக்ஸ். செல்வத்தின் அம்மா வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"மேல இருக்கது யாருப்பா? கட்சிக்காரரா?"

விக்கிதான், "அப்பாதாம்மா. ஏஐல பண்ணது."

"அப்படியா" என்றார். உள்ளே போய்விட்டார். செல்வம் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

பந்தியில் பக்கத்து இலைக்காரன், நம்ம கிளாஸ்தான்: "கறி இல்லையா? இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" திரும்பும்போது பஸ்ஸிலேயே ரீல்ஸ் வந்துவிட்டது. சோகப் பாட்டு. பிளக்ஸ் முன்னால் விக்கி தலைமுடியைக் கோதிக்கொண்டு மெதுவாகத் திரும்புகிறான்.

ச்சீ. எங்களை நினைத்தால் வாந்திதான் வருகிறது. 'அவர்களை' என்று எழுத வந்தேன், 'எங்களை' என்று விழுந்துவிட்டது. இருக்கட்டும். நானும்தான் அங்கே இளித்துக்கொண்டு நிற்கிறேன்.

நவ. 23, ஞாயிறு

விடாத மழை. புதுக் குடை முதல் காற்றிலேயே மடங்கிவிட்டது.

செல்வத்துக்கு நோட்ஸ் கொடுக்கப் போனேன். அவன் இல்லை, மருந்து வாங்க சமயநல்லூர் போயிருந்தான். தெருமுக்கில் பிளக்ஸும் இல்லை. அம்மா கொல்லையில் ஆடுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஆட்டுக் கொட்டகையின் மேல் எங்கள் பிளக்ஸ். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. சரிவில் விக்கி தலைகீழாகப் போன் பேசிக்கொண்டிருந்தான். என் கூலிங் கிளாஸில் தண்ணீர் தேங்கி நின்றது.

அந்த வட்டத்தைத் தேடினேன். அதையாவது வெட்டி எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அதன் மேலும் மழை பெய்துகொண்டிருந்தது.

"அம்மா, அந்தப் படம்... நான் மாத்தச் சொன்னேன், அவய்ங்க..."

"அதுக்கென்னய்யா. அவரு இருந்தா ஆட்டுக்குப் போட்டுக் கட்டுவேனா? அவருதான் இதுல இல்லையே."

நோட்ஸ் பை நனைந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு ஆட்டைத் தள்ளி இடம் செய்தார்.

"ஏன் வெளியவே நிக்கிற? உள்ள வாய்யா. ஒரு சொட்டு ஒழுகல."

போய் நின்றேன்.