வெண்ணெய்ப் பலகைகள்

1944 மார்ச் 7, செவ்வாய்

பள்ளியில் பாடம் முடித்து நான் வந்தால், டென்சில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறான். என் மாடியறையில் தங்கியிருக்கும் கடற்படை விமானி; இருபது வயது. நான்கு பார்லி ரொட்டி தின்கிறவன் இன்று ஒன்றையும் தொடவில்லை.

இங்கே ஓடுபாதையில் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தை வரைந்துவைத்து இறங்கப் பழக்குகிறார்கள். அவனுடைய சீஃபயர் போர்விமானத்துக்கு மூக்கு நீளம், முன்னால் எதுவும் தெரியாது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, கீழே இரண்டு மட்டைகளால் சைகை காட்டி நிற்கும் லெப்டினன்ட் பெட்ரியின் கைகளை நம்பித்தான் இறங்க வேண்டும்.

"இன்னிக்கும் சொதப்பிட்டேன் மிஸ். வெள்ளிக்கிழமையும் இப்படின்னா என்னை இந்தக் கப்பல் பயிற்சியிலேருந்தே தூக்கிடுவாங்க."

தூக்கட்டுமே. கரையிலேயே இருப்பான்.

மார்ச் 8

காற்று. பெட்ரி தேநீருக்கு வந்தார். "உங்க செல்லப்பிள்ளை இருக்கானே, நான் மேலேன்னா கீழே வர்றான், கீழேன்னா மேலே போறான். பயந்துட்டான். ஒருநாள் என்னையும் மட்டையையும் சேர்த்து நறுக்கிடுவான்!"

டென்சில் சிரிக்கவில்லை.

பயமா? பயந்தவன் தாறுமாறாகத்தானே தப்பு செய்வான்? என் கணக்கு வகுப்பில் ஒரே மாதிரி தப்பு செய்கிற பையன் மண்டு அல்ல. வேறொரு விதியை எங்கோ கற்று வந்திருப்பான்.

கேட்கலாமா? கேட்காமல் விட்டால் — கரையில் இருப்பான் என்று யார் சொன்னது? அதற்குள் தரையில் மோதிவிட்டால்?

மார்ச் 9

கேட்டேன்.

அவனை நாற்காலியில் உட்காரவைத்து, விமானத்தின் பிடி என்று கஞ்சிக் கரண்டியைக் கையில் கொடுத்தேன். வெண்ணெய் தட்டும் மரப்பலகைகள் இரண்டையும் உயர்த்திக் காட்டினேன். கரண்டி முன்னால் சாய்ந்தது. இறங்குகிறான்!

"கை மேலே போனா என்னடா அர்த்தம்?"

"ஏறுன்னு அர்த்தம்."

"அப்போ ஏன் இறங்கற?"

கரண்டியையே பார்த்தான். "ஐயோ மிஸ்... அமெரிக்கா!"

அவன் பறக்கக் கற்றது அங்கே. அவர்கள் கையை உயர்த்தினால், 'நீ உயரத்தில் இருக்கிறாய், இறங்கு' என்று பொருளாம். நம் பிரிட்டிஷ் கடற்படையில் நேர் எதிர். வாய் நம் விதியைச் சொல்கிறது, கை இன்னும் அமெரிக்காவில் இருக்கிறது.

கஞ்சி ஆறும்வரை பழகினோம். "பெட்ரியைவிட நீங்க அழகா நிக்கிறீங்க மிஸ்."

"வாயை மூடிட்டு என் கையைப் பாரு."

மார்ச் 10, வெள்ளி

வகுப்பில் ஒரு கணக்கும் ஓடவில்லை. மாலையில் கதவைத் திறந்துகொண்டு வந்து ஐந்து ரொட்டி கேட்டான்.

மார்ச் 17

நிஜக் கப்பலிலும் இறங்கிவிட்டான். பெட்ரியே வந்து சொன்னார். மகிழ்ச்சிதான். மகிழ்ச்சிதானா? நானே கற்றுக்கொடுத்து, நானே அனுப்புகிறேன்.

மார்ச் 21

காலையில் கப்பல் போய்விட்டது. பிற்பகலில், கடலில் அதன்மேல் போய் இறங்க, டென்சிலும் மற்ற விமானிகளும் பறந்தார்கள். வெண்ணெய்ப் பலகைகளோடு பின்வாசலில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைத்தாளோ. தலைக்கு மேல் வந்தபோது இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

வரிசையில் கடைசி விமானம் மட்டும் மூக்கைத் தூக்கிச் சற்றே ஏறியது. பிறகு மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

அது கண்ணிலிருந்து மறைந்த பிறகும் நான் கைகளை இறக்கவில்லை.