பால் சுரக்கச் சுறா

ஒக்டோபர் 14, செவ்வாய்

மகளின் குழந்தையை நிறுத்துப் பார்க்க வந்த தாதி, தாய் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பால் சுரக்கத் தினமும் சுறாவை அவித்து உதிர்த்து வறுத்த வறை என்றேன், பெருமையோடு. ஸ்காபரோ முழுக்கத் தேடி வாங்கியவன் நான். சுறாவில் பாதரசம் அதிகம், அது பாலிலும் இறங்கும் என்றார். எத்தனை நாள் சாப்பிட்டாள் என்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டுமாம்.

"மூண்டு பிள்ளையளையும் உந்தச் சுறாவைத் திண்டுதான் வளர்த்தனான். உவையளுக்கு என்ன குறை?" என்றாள் மனைவி. மூவரையும் எனக்குத் தெரியும் என்பதால் நான் பேசவில்லை.

தாதி போனதும் மகள் குழந்தையை மார்பிலிருந்து விலக்கினாள். அது வீரிட்டது.

"நித்திரையில்லாமல் எனக்கு நாளே தெரியேல்லை அப்பா. எத்தினை நாள் சாப்பிட்டனான்?"

"அஞ்சு நாள்தான் பிள்ளை."

பத்தொன்பது நாள். நாளைக்கு மருத்துவரிடம் அவள் ஐந்து என்றுதான் சொல்லப்போகிறாள்.