ஊமையம்மாள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை

அனுப்புநர்:
ஜீ. தபீதாள்,
கிணற்றடிச் சந்து, கடப்பேரி,
மேற்குத் தாம்பரம்.

பெறுநர்:
உயர்திரு வாக்காளர் பதிவு அதிகாரி அவர்கள்,
தாலுகா அலுவலகம்.

பொருள்: வாக்காளர் பட்டியலில் என் பெயரைத் திருத்துவது, விசாரணையில் என்னைக் கூப்பிடும் முறையை மாற்றுவது குறித்து மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. படித்திருக்கிறேன். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வேன். தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் பிறர் எழுத்தில் உள்ள பிழைகளைத் திருத்துவது என் பிழைப்பு. என் பெயரில் உள்ள பிழையைத் திருத்தத்தான் நாலு வருஷமாக முடியவில்லை.

2. 1966இல் பட்டியல் எடுக்க வந்தவர், எங்கள் வீடு பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார். அந்த வீட்டுச் செல்லியம்மாள், "அது ஊமையம்மா வூடு சார்" என்றாராம். வந்தவர் "ஊமையம்மாள், கணவர் பெயர் ஜீவரத்தினம்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். செல்லியம்மாள் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் எப்படிக் கூப்பிட்டாலும் என் காதில் விழப்போவதில்லை. ஆனால் தெருவில் சொல்வது வேறு, சர்க்கார் அச்சடிப்பது வேறு.

3. 1967 தேர்தலன்று சாவடியில் என் பெயரை எழுதிக் காட்டினேன். பட்டியலில் தபீதாள் இல்லை. எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே இருந்த ஊமையம்மாளைத் தொட்டு, நான்தான் என்று சைகை செய்தேன். அங்கே உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டு ஒருவர், "ஊமை எப்டி சார் எழுதும்? இது வேற ஆளு" என்று ஆட்சேபித்தார். சாவடி அதிகாரி நல்லவர். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே நின்றிருந்த என் கணவரை அழைத்து, "இவங்கதான் ஊமையம்மாளா?" என்று கேட்டார். என் கணவர் ரயில்வே தொழிலாளி; ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதவர்; பொய் சொல்லி அறியாதவர். "இல்லீங்க சார், இவங்க பேரு தபீதாள்" என்று சொல்லிவிட்டார். அதோடு என் ஓட்டுப் போயிற்று. அவர் மட்டும் விரலில் மையோடு வந்தார். வழி நெடுக என் முகத்தைப் பார்க்கவில்லை.

4. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனுவுக்கு, சென்ற மாதம் விசாரணைக்கு வரும்படி கடிதம் வந்தது. கணவருக்கு லீவு கிடைக்காததால் தனியே வந்தேன். தங்கள் அலுவலக வராந்தாவில், வாசலுக்கு நேரே உள்ள பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்த் திரும்பினார்கள். மாலையில், பெயர் கூப்பிடும் டவாலிச் சேவகரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் உள்ளே கேட்டு வந்து, உள்ளிருந்து பலமுறை கூப்பிட்டும் ஆஜராகாததால் மனு தள்ளுபடி என்றார். "இன்னாம்மா, இங்கியே குந்திகினு இருந்தியே, ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?" என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று எழுதிக் கேட்டேன். ஊமையம்மாள் என்றுதான்.

5. எனக்கு அலுத்துவிட்டது, ஐயா. மார்ச்சில் மறுபடி தேர்தல் வருகிறது. ஒரு ஓட்டில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று அச்சகத்தில் கேட்கிறார்கள். எனக்கு வயது இருபத்தெட்டு. இதுவரை ஓட்டுப் போட்டதில்லை. ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு நானும் அப்படிச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

6. ஆகவே, தள்ளுபடியை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு நாள் குறிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அன்று என்னையும், காது கேளாத மற்றவர்களையும் குரல் கொடுத்து அழைக்காமல், பெயரைத் தாளில் எழுதி வாசலில் காட்டும்படி சேவகருக்கு உத்தரவிட வேண்டும். நான் வாசலுக்கு நேரேதான் இருப்பேன். தாளில் தபீதாள் என்றிருந்தால் எழுந்து வருவேன். வேறு பெயர் இருந்தால், ஆஜராகவில்லை என்றே எழுதிக்கொள்ளலாம்.

இடம்: மேற்குத் தாம்பரம்
நாள்: 18-1-1971

இப்படிக்கு,
ஜீ. தபீதாள்