இறைச்சிக்காரன் தீட்டிய உளி

அம்மாவுக்கு வணக்கத்துடன் தெரேபாய் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? தீவில் மழை விட்டதா? எனக்கு விரலில் சின்ன வெட்டு, அவ்வளவுதான்.

போன வருடம் ஆக்லாந்தில் கிட்டார் செய்யக் கற்றுக்கொள்ளப் போனபோது பட்டறைக்கார மர்ரே என்ன சொன்னார் தெரியுமா? "நாப்பது வயசுல என்னத்தய்யா கத்துக்கப் போற? மாடு வெட்டுற கை இது." நான் மறக்கவில்லை. இறைச்சித் தொழிற்சாலை வேலை போக, சனிக்கிழமைகளில் ஜூடித் அம்மாளின் கிட்டார் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் உளி தீட்டத்தான் விட்டார். இருபது வருடம் கத்தி தீட்டியவனுக்கு அது பெரிய வேலையா?

நேற்று மர்ரே அங்கே வந்தார். மேசையில் இருந்த உளியை எடுத்துத் தன் கையில் வைத்து இழுத்தார். கைமுடி மழித்ததுபோல் வந்துவிட்டது.

"யாரு தீட்டினது? என்னோடதையும் தீட்டித் தருவாரா?"

"மாடு வெட்டுற கைதான் சார். வச்சிட்டுப் போங்க, ரெண்டு மாசம் ஆகும்."

மாமாவின் தூண்டில் நரம்பு ஒரு சுருள் அனுப்பு, இப்போது நானே செய்துகொண்டிருக்கும் குட்டிக் கிட்டாருக்கு, அதான் நம் யுகுலேலேவுக்கு, தந்தி கட்ட. இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் அனுப்பு. ஞாயிறு தேவாலயத்தில் பாட்டு ஆரம்பித்ததும் எனக்குப் போன் போட்டு பெஞ்சில் வைத்துவிடு, பேச வேண்டாம்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. பார்சலை மர்ரே பட்டறை முகவரிக்கே அனுப்பு. மேலே பெரிய எழுத்தில் 'யுகுலேலே செய்பவர் தெரேபாய்' என்று எழுது. அவரே சுமந்து வந்து கொடுக்கட்டும்.